அமெரிக்க ரெசிடென்சி: எந்த புரோகிராமைப் பார்த்தால் உஷாராக வேண்டும்?

"எங்கேயாவது ஒரு இடம் கிடைத்தால் போதும்." மேட்சுக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளில் பலருடைய மனநிலை இதுதான். ரெசிடென்சி என்பது மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் செய்யும் சிறப்புத் துறைப் பயிற்சி. விண்ணப்பதாரர்களும் புரோகிராம்களும் தரும் விருப்ப வரிசையை (ரேங்க் லிஸ்ட்) ஒப்பிட்டு அந்த இடங்களை ஒதுக்கும் முறைதான் மேட்ச். ஸ்டெப் எனப்படும் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகள், அங்குள்ள மருத்துவர்களோடு இருந்து பார்த்துக் கற்கும் அப்சர்வர்ஷிப், விண்ணப்பக் கட்டணம் என்று எல்லாவற்றையும் தாண்டி ஒரு இன்டர்வியூ அழைப்பு வந்திருக்கும். அந்த நேரத்தில் அழைத்த புரோகிராமிலேயே குறை தேடச் சொன்னால் எரிச்சல்தான் வரும். ஆனாலும் தேடித்தான் ஆகவேண்டும். உள் மருத்துவத்தில் 3 ஆண்டுகள், நரம்பியல் அறுவையில் 7 ஆண்டுகள் அவர்கள் கையில் இருக்கப் போகிறீர்கள். விசாவில் வருபவர்களுக்கு நடுவழியில் இறங்குவதும் லேசில்லை. ஜே-1 என்ற பரிமாற்றப் பயிற்சி விசாவில் இருக்கும் மருத்துவர் தன் பயிற்சித் துறையை ஒரே ஒரு முறைதான் மாற்றலாம். அதுவும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை அதிகம் என்பது அபாய அறிகுறி இல்லை. நல்ல ரெசிடென்சியும் ஆளைப் பிழியத்தான் செய்யும். "இங்கே ஐ.சி.யு. மாதங்கள் கொடுமை, தயாராக வாருங்கள்" என்று நேராகச் சொல்கிற புரோகிராமை நான் நம்புவேன். எதைக் கேட்டாலும் சிரித்து மழுப்புகிற புரோகிராமைத்தான் சந்தேகப்படுவேன். எனவே கீழே உள்ள படிகளில் எவ்வளவு கஷ்டம் என்று பார்ப்பதைவிட, எதை மறைக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அதிகம்.

படி 1: அழைப்பு வந்த அன்றே பொதுப் பதிவுகளைப் பாருங்கள்

ரெசிடென்சி புரோகிராம்களுக்கு அங்கீகாரம் தருவது ஏ.சி.ஜி.எம்.இ. அதன் இணையதளத்தில் எந்த புரோகிராமின் நிலையையும் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். "தொடரும் அங்கீகாரம்" என்றிருந்தால் பிரச்சினை இல்லை. "எச்சரிக்கையுடன் தொடரும் அங்கீகாரம்" என்றால் ஏதோ குறை பிடிபட்டிருக்கிறது, சரிசெய்ய அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கும் மோசம் "புரொபேஷன்". அந்த நிலைக்குப் போன புரோகிராம் அதைத் தன் ரெசிடென்ட்களுக்கும் விண்ணப்பதாரர்களுக்கும் எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். பதிவில் அப்படி இருந்தும் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால், மேற்கொண்டு யோசிக்க எதுவும் இல்லை.

புதிதாகத் தொடங்கிய எல்லாப் புரோகிராம்களும் "தொடக்க அங்கீகாரம்" என்ற நிலையில்தான் ஆரம்பிக்கும். அது தவறல்ல. ஆனால் முதல் இரண்டு பேட்ச்களில் சேருகிறவர்கள் வழிகாட்ட சீனியர் இல்லாமல் இருப்பார்கள், ரெசிடென்சிக்கு அடுத்த உயர்பயிற்சியான ஃபெலோஷிப்புக்குப் போன கதை எதுவும் அந்த புரோகிராமுக்கு இருக்காது. தெரிந்தே சேர்ந்தால் சரி.

அதே பக்கத்தில் புரோகிராம் டைரக்டர் எந்தத் தேதியில் பொறுப்புக்கு வந்தார் என்பதும் இருக்கும். போன வருடம்தான் வந்திருக்கிறார் என்றால் அதற்கு முன் இருந்தவர் எத்தனை வருடம் இருந்தார் என்று கேளுங்கள். பத்து வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றார் என்றால் இயல்பு. சில ஆண்டுகளில் மூன்று பேர் மாறியிருந்தால், மேலே இருக்கும் நிர்வாகத்துக்கும் புரோகிராமுக்கும் ஒத்துப்போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து போர்டு தேர்வுத் தேர்ச்சி. பயிற்சி முடித்தவர்கள் நிபுணர் சான்றிதழுக்காக எழுதும் தேர்வு இது. உள் மருத்துவத்துக்கான போர்டான ஏ.பி.ஐ.எம். ஒவ்வொரு புரோகிராமின் தேர்ச்சி விகிதத்தையும் மூன்று ஆண்டுத் தொகுப்பாக வெளியிடுகிறது. குழந்தை மருத்துவம், பொது அறுவை ஆகியவற்றுக்கும் அந்தந்த போர்டு வெளியிடுகிறது. சின்ன புரோகிராமில் ஒருவர் தோற்றாலே சதவீதம் சரியும் என்பதால் ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். தொடர்ந்து தாழ்ந்தே இருந்தால், படிக்க நேரம் கொடுக்காமல் வேலை வாங்குகிறார்களா என்ற கேள்வியை இன்டர்வியூவுக்குக் குறித்து வையுங்கள்.

படி 2: தலைகளை எண்ணுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே மலிவான, இருப்பதிலேயே நம்பகமான சோதனை. புரோகிராமின் இணையதளத்தில் ரெசிடென்ட்களின் படங்கள் வருட வாரியாக இருக்கும். முதலாம் ஆண்டில் 12 பேர், இரண்டாம் ஆண்டில் 11, மூன்றாம் ஆண்டில் 8 என்றால் நால்வர் எங்கே போனார்கள்? இடங்களை இப்போதுதான் கூட்டியிருக்கலாம்; அப்படியென்றால் கேட்டவுடன் பதில் வரும். இணையத்தின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் இரண்டு வருடங்களுக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து, அன்றைய முதலாம் ஆண்டு முகங்கள் இன்றைய மூன்றாம் ஆண்டில் இருக்கின்றனவா என்று ஒத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

ஒருவர் போனால் குடும்பக் காரணம், துறை மாற்றம், உடல்நலம் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். வருடா வருடம் யாராவது போய்க்கொண்டே இருந்தால் அது தனிமனிதப் பிரச்சினை இல்லை.

அறுவைச் சிகிச்சைக்கு விண்ணப்பிப்பவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். கேட்டகாரிகல் இடம் என்றால் முழுப் பயிற்சிக்கும் உத்தரவாதம். பிரிலிமினரி இடம் ஒரு வருடத்துக்குத்தான். அதன் பிறகு உங்கள் பாடு. சில பிரிலிமினரி இடங்கள் முறையானவை. மயக்கவியல், கதிரியக்கம் போன்ற துறைகளில் ஏற்கெனவே இடம் வைத்திருப்பவர்கள் முதல் வருடத்தை அங்கே முடிப்பார்கள். ஆனால் அடுத்த வருடத்துக்கு எந்த இடமும் கையில் இல்லாத பிரிலிமினரிகளைக் கூட்டமாக எடுத்து வார்டு வேலையை ஓட்டும் இடங்களும் இருக்கின்றன. "கடந்த மூன்று வருடப் பிரிலிமினரிகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பெருமைப்பட ஏதாவது இருந்தால் பட்டியலே கொடுப்பார்கள். "நன்றாக உழைத்தால் கேட்டகாரிகலாக மாற வாய்ப்பு உண்டு" என்ற பதிலை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள். கடைசியாக அப்படி மாறியவர் யார், எந்த வருடம் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

படி 3: மருத்துவமனை நிற்குமா?

2019 ஜூன் மாதம் ஃபிலடெல்ஃபியாவின் ஹானிமன் பல்கலைக்கழக மருத்துவமனை மூடப்படப் போவதாக அறிவிக்கப்பட்டது. 500-க்கும் மேற்பட்ட ரெசிடென்ட்களும் ஃபெலோக்களும் சில வாரங்களில் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அவர்களுடைய பயிற்சி இடங்களையே திவால் நடவடிக்கையில் 55 மில்லியன் டாலருக்கு விற்கும் முயற்சி நடந்தது. மத்திய அரசு அதை எதிர்த்தது. போதாக்குறைக்கு, அங்கே வேலை பார்த்த காலத்துக்காகப் பின்னால் வரக்கூடிய வழக்குகளுக்கான காப்பீட்டை யார் கட்டுவது என்ற சண்டையும் வந்தது.

இது அடிக்கடி நடப்பதல்ல. ஆனாலும் மருத்துவமனையின் பெயரைப் போட்டுச் செய்தி தேடுங்கள்: சமீபத்தில் கைமாறியதா, பிரசவப் பிரிவையோ குழந்தைகள் பிரிவையோ மூடினார்களா, ஆட்குறைப்பு உண்டா. ஒரு பிரிவு மூடினால் அந்த நோயாளிகளிடம் கற்க வேண்டியதை எங்கே கற்பீர்கள் என்பது உங்கள் கேள்வி.

படி 4: 80 மணி நேரக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது?

1984-ல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண், நீண்ட நேர டியூட்டியில் இருந்த ரெசிடென்ட்களின் கவனிப்பில் மருத்துவமனையில் இறந்ததிலிருந்துதான் ரெசிடென்ட்களின் வேலை நேரம் பற்றிய விவாதம் அங்கே சூடு பிடித்தது. நியூயார்க் மாநிலம் 1989-ல் வரம்பு கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் ஏ.சி.ஜி.எம்.இ. 2003-ல் கொண்டுவந்தது. இன்றைய விதி இது: நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதே சராசரியில் ஏழு நாளுக்கு ஒரு நாள் முழு விடுப்பு. தொடர்ச்சியான டியூட்டி 24 மணி நேரம். ஒப்படைப்புக்கும் கற்றலுக்கும் அதிகபட்சம் 4 மணி கூடுதல். 24 மணி நேர டியூட்டி முடிந்தால் 14 மணி நேர ஓய்வு. வீட்டிலிருந்து எழுதும் நோயாளிக் குறிப்புகளும், கூடுதல் வருமானத்துக்காகப் பார்க்கும் மூன்லைட்டிங் வேலையும் இந்த 80-க்குள்தான் வரும்.

விதி எல்லோருக்கும் ஒன்று. வித்தியாசம் அதைப் பதிவு செய்வதில் இருக்கிறது. ஒரு ரெசிடென்ட் 86 மணி என்று பதிவு செய்கிறார் என்று வையுங்கள். நல்ல இடத்தில் சீஃப் ரெசிடென்ட் கூப்பிட்டு, "என்ன ஆச்சு, எந்த ரொட்டேஷன்?" (எந்தப் பிரிவின் சுழற்சிப் பணி) என்று கேட்பார், அடுத்த மாதம் அட்டவணை மாறும். மோசமான இடத்தில் அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வரும்: "உங்கள் பதிவில் பிழை இருப்பதாகத் தெரிகிறது, சரிபார்த்துத் திருத்தவும்." அல்லது "நேர மேலாண்மை பற்றிப் பேசலாம் வாருங்கள்" என்று அழைப்பு வரும். இரண்டு மாதத்தில் எல்லோரும் 78, 79 என்று எழுதக் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

உள்ளே இருப்பவர்கள் ஏன் வெளியே சொல்வதில்லை? சொன்னால் புரோகிராமின் அங்கீகாரத்துக்கு ஆபத்து. அங்கீகாரம் போனால் நட்டம் அவர்களுக்கே. ஏ.சி.ஜி.எம்.இ. ஆண்டுதோறும் ரெசிடென்ட்களிடம் ரகசியக் கருத்துக்கணிப்பு நடத்துகிறது. அதற்கு முன் கூட்டம் போட்டு "எப்படிப் பதில் சொல்வது" என்று பாடம் எடுக்கும் இடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனால் "80 மணிக்கு மேல் போகுமா?" என்று கேட்பதில் பயனில்லை. "இல்லை" என்றுதான் வரும். இப்படிக் கேளுங்கள்: "கடைசியாக யார் 80-ஐத் தாண்டினார்கள்? தாண்டியதும் என்ன செய்தீர்கள்?" உண்மையான இடத்தில் ஒரு ரொட்டேஷனின் பெயரும், அதில் செய்த மாற்றமும் உடனே வந்து விழும்.

படி 5: இன்டர்வியூ நாள்

2020-க்குப் பிறகு பெரும்பாலான இன்டர்வியூக்கள் வீடியோவில்தான். வார்டின் வாசனையே தெரியாமல் முடிவெடுக்க வேண்டிய நிலை. அதனால் ரெசிடென்ட்களோடு பேசக் கொடுக்கும் அந்த ஒரு மணி நேரம் தங்கம்.

முதலில் யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் முதலாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டில் ஒருவர்கூட இல்லை என்றால் ஏன்? இவர்கள் மட்டும் பேசட்டும் என்று பொறுக்கி எடுத்தார்களா? ஆசிரியர் யாராவது அதே அழைப்பில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அது ரெசிடென்ட்களுடனான சந்திப்பே இல்லை. "நாங்க எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி" என்ற வாக்கியத்தை ஒரே நாளில் நான்கு பேர் வாயிலிருந்து கேட்டால், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெல்னஸ் ஸ்லைடில் மசாஜ் நாற்காலி காட்டுவார்கள். அதில் கடைசியாக உட்கார்ந்தது யார் என்று கேட்க ஆசையாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

கேள்விகளை அபிப்பிராயமாகக் கேட்காமல் சம்பவமாகக் கேளுங்கள். "மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்றால் ஆமாம் என்பார்கள். இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

"போன மாதம் யாருக்காவது உடம்பு முடியாமல் போனதா? அந்த டியூட்டியை யார் பார்த்தார்கள்?" மாற்று ஆள் பட்டியல் இருக்கிறது, இன்னார் வந்தார் என்றால் நல்லது. "இங்கே யாரும் அப்படி லீவ் போடுவதில்லை" என்று சிரிப்போடு வந்தால், அந்தச் சிரிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"மதிய வகுப்பு நடக்கும்போது பேஜர் யாரிடம் இருக்கும்?" இந்தச் சின்னக் கேள்வி நிறையச் சொல்லிவிடும். அட்டவணையில் வாரத்துக்கு ஐந்து வகுப்பு போட்டிருப்பார்கள். வார்டு அழைப்புகள் வரும் பேஜர் உங்கள் இடுப்பிலேயே இருந்தால், அதில் பாதி வகுப்புகூடக் காதில் விழாது.

"இரவு இரண்டு மணிக்கு நோயாளி மோசமானால் யாரைக் கூப்பிடுவீர்கள், அவர் எத்தனை நிமிடத்தில் பேசுவார்?" முதலாம் ஆண்டு ரெசிடென்ட் தனியாகச் சமாளித்த வீரக் கதையைப் பெருமையாகச் சொன்னால் மயங்காதீர்கள். மேற்பார்வை இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

"ரத்தம் எடுப்பது, நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் யார்?" எப்போதாவது நீங்கள் செய்வதில் தவறில்லை. தினமும் உங்கள் வேலை என்றால் ஆள் பற்றாக்குறையை ரெசிடென்ட்களை வைத்து அடைக்கிறார்கள்.

அறுவைத் துறை என்றால் கடைசி வருட சீஃபிடம் கேளுங்கள்: பொது அறுவையில் பயிற்சி முடிக்கக் குறைந்தது 850 பெரிய அறுவைகள் வேண்டும், அதை எந்த வருடத்தில் தொட்டார், அதில் எத்தனையில் கத்தி அவர் கையில் இருந்தது? கடைசி மாதங்களில் எண்ணிக்கைக்காக ஓடுகிறார்கள் என்றால், ஒன்று நோயாளிகள் குறைவு, அல்லது ஃபெலோக்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். டைரக்டரிடம் நேராகவே கேட்கலாம்: "கடந்த மூன்று ஆண்டுகளில் யாராவது பயிற்சியை முடிக்காமல் போனார்களா?" அந்தரங்க விவரம் சொல்லாமலேயே "இருவர் போனார்கள், ஒருவர் துறை மாறினார், இன்னொருவருக்கு இந்த இடம் சரிவரவில்லை, அதிலிருந்து இதை மாற்றினோம்" என்று சொல்லும் டைரக்டரிடம் நான் தைரியமாகச் சேருவேன். போனவரைப் பற்றி "அவருக்குத் திறமை போதவில்லை" என்று முகம் தெரியாத உங்களிடம் சொல்பவர், நாளை உங்களைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்.

அவர்கள் உங்களிடம் கேட்பதையும் கவனியுங்கள். வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள், எங்களை எத்தனையாவது இடத்தில் வைப்பீர்கள் என்று கேட்பதை மேட்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. தடை செய்திருக்கிறது. கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதும் கேட்கக் கூடாதவை. விதி தெரிந்தும் கேட்கிறவர்கள் வேறு எந்த விதியை மதிப்பார்கள்?

படி 6: ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேட்ச் முடிந்ததும் நீங்கள் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தத்தின் நகலை, ரேங்க் லிஸ்ட் கெடுவுக்கு முன்பே தர வேண்டும் என்பது என்.ஆர்.எம்.பி. விதி. தரவில்லையென்றால் கேளுங்கள். இழுத்தடித்தால் அதுவே ஒரு தகவல்.

படிக்கும்போது நான்கு இடங்களில் விரல் வைத்துப் பாருங்கள். ஒன்று, ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்படும். புதுப்பிக்காவிட்டால் எழுத்தில் சொல்வார்களா, முறையிட வழி உண்டா. இரண்டு, சிகிச்சைத் தவறு வழக்குகளுக்கான காப்பீட்டில் 'டெயில்' பாதுகாப்பு, அதாவது நீங்கள் போன பிறகு வரும் வழக்குகளுக்கும் அவர்களே பொறுப்பா. மூன்று, விடுப்பு: உடல்நலம், பிள்ளைப்பேறு, குடும்பப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு முதல் முறை குறைந்தது ஆறு வாரங்கள் முழுச் சம்பளத்தோடு தர வேண்டும் என்பது 2022 ஜூலை முதல் ஏ.சி.ஜி.எம்.இ. விதி. நான்கு, முடித்த பிறகு பக்கத்து ஊரில் வேலை செய்யக்கூடாது என்ற மாதிரி நிபந்தனை. ரெசிடென்ட்களிடம் அப்படிக் கையெழுத்து வாங்கவே கூடாது. ஒப்பந்தத்தில் அது இருந்தால் பெரிய சிவப்புக் கொடி.

படி 7: விசா

எந்த விசா ஆதரவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம்" என்பது பதில் இல்லை. எச்-1பி என்ற வேலை விசா தருவதாகச் சொன்னால், அதற்கு ஸ்டெப் 3 எந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும், கடந்த வருடம் எத்தனை பேருக்குத் தந்தார்கள் என்று கேளுங்கள்.

ரெசிடென்ட்கள் எல்லோருமே வெளிநாட்டுப் பட்டதாரிகள் என்பதால் மட்டும் ஒரு புரோகிராமை ஒதுக்காதீர்கள். அப்படிப்பட்ட அருமையான சமூக மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆனால் எல்லோரும் விசாவில் இருக்கிறார்கள், ஒருவர்கூட ஒரு குறையும் சொல்லவில்லை என்றால், குறை இல்லாததாலா, சொல்ல முடியாததாலா என்று தோண்டிப் பாருங்கள். அங்கே படித்து முடித்து வெளியே போனவர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் போனில் பேசுங்கள். முடித்தவர்களுக்கு இனிப் பயமில்லை. இது பெயர் தெரியாதவர்கள் இணையத்தில் எழுதும் நூறு புலம்பலுக்குச் சமம்.

ரெசிடென்ட்களுக்குச் சங்கம் இருப்பதைச் சிலர் அபாயமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சங்கம் ஏன், எப்போது வந்தது என்று கேளுங்கள். அந்தக் கதையில் புரோகிராமைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

படி 8: ரேங்க் லிஸ்ட்

ஒவ்வொரு இன்டர்வியூ முடிந்த அன்று இரவே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பிப்ரவரியில் எல்லா முகங்களும் ஒன்றாகக் கலந்துவிடும். அபாய அறிகுறிகளை இரண்டாகப் பிரியுங்கள். வசதிக் குறைவு ஒரு பக்கம்: பழைய கட்டடம், நீண்ட பயணம், மோசமான மென்பொருள். நேர்மைக் குறைவு இன்னொரு பக்கம்: திருத்தப்படும் மணிக் கணக்கு, மறைக்கப்பட்ட அங்கீகார நிலை, ஆளுக்கு ஆள் மாறும் பதில். முதல் வகையில் ஐந்து இருந்தாலும் சமாளிக்கலாம். இரண்டாவது வகையில் இரண்டு இருந்தால் பட்டியலில் கீழே இறக்குங்கள்.

அடியோடு நீக்குவதா என்பதுதான் கஷ்டமான கேள்வி. பட்டியலில் ஒரு பெயரைப் போட்டாலே அங்கே மேட்ச் ஆனால் சேருவேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரிதான். பிடிக்கவில்லை என்று விலக முடியாது. விலக்கு வேண்டுமானால் என்.ஆர்.எம்.பி.யிடம் காரணம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பெயரையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மேட்ச் ஆகாமல் இன்னொரு வருடம் காத்திருப்பது மேலா, இங்கே போவது மேலா? காத்திருப்பதே மேல் என்று மனசார வந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பட்டதாரிக்கு அந்த ஒரு வருடத்தின் விலை அதிகம். அதனால் நீக்கும் பெயர்கள் ஒன்றிரண்டைத் தாண்டாது என்பது என் கணிப்பு.

இன்டர்வியூவுக்குப் பிறகு "உங்களை மேலே வைத்திருக்கிறோம்" என்று மெயில் வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். மேட்ச் கணக்கு விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்கும் வகையில் அமைக்கப்பட்டது. உண்மையாகப் பிடித்த வரிசையில் போடுவதுதான் உங்களுக்கு லாபம். கெடு முடியும் வரை பட்டியலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசி வாரத்தில் பழைய ரெசிடென்ட் ஒருவர் போனில் ஏதாவது சொல்லி நீங்கள் வரிசையை மாற்றினால், மாற்றிய பட்டியலுக்கு மறுபடியும் 'செர்டிஃபை' (இறுதி ஒப்புதல்) கொடுக்க மறக்காதீர்கள். கடைசி மணி நேரத்துக்கு வைக்காமல், கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.